குடிநோயினின்று மீள்வோரும் கிராம ஐக்கிய சங்கத்தாரும்

கிராம ஐக்கிய நாணய சங்கம் ஒன்றின் பாக்கிதாரர் ஜாபிதாவை எடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கும். ஒருவருக்கு மழை பொய்த்தது. மற்றொருவருக்குக் கறவை மாடு இறந்தது. வேறொருவருக்குப் பெண்ணின் கலியாணச் செலவு மிஞ்சிப்போயிற்று. இக்காரணங்களைப் பஞ்சாயத்தார் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேசித் தவணையை நீட்டிக் கொடுக்கிறார்கள். ஆனால் சில பெயர்களை வாசிக்கும்போது மட்டும் பேச்சு நின்றுவிடும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வர். காரணம் யாவருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்வார் இல்லை. அந்த அங்கத்தினர் குடிக்கு அடிமைப்பட்டவர். அவருடைய நோயை டாக்டர் அறிவதற்கு நெடுநாள் முன்னரே சங்கத்தின் பேரேடு அறிந்திருக்கிறது.

மதுவினால் விளையும் கேடுகளை விரித்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவற்றை அறியாத கிராமத்தார் எவருமிலர். குடியை விட விரும்பும் ஒருவருக்கும், சிகிச்சை பெற்று ஊருக்குத் திரும்பிய ஒருவருக்கும் அவ்வூர்ச் சங்கத்தார் என்ன செய்யக்கூடும், எதைச் செய்யாதிருக்கவேண்டும் என்பதே இங்கு எடுத்துக்கொண்ட விஷயம். வைத்தியர் செய்யும் வேலை சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. அதன் பின்னர் அம்மனிதர் நிலைத்து நிற்பதும் மீண்டும் வீழ்வதும் அவரைச் சூழ்ந்து வாழ்வோரின் நடத்தையைப் பெரிதும் பொறுத்தவை.

குடிப்பழக்கம் ஒரு எல்லையைக் கடந்தபின் நோயாகிவிடுகிறது என்பது புதிய கொள்கையன்று. ஸ்வீடன் தேசத்து வைத்தியரான மாக்னுஸ் ஹஸ் என்பவர் 1849ஆம் ஆண்டிலேயே இதற்கு வைத்திய நூல் முறையில் ஒரு பெயரிட்டு விவரித்தார். அமெரிக்க வைத்திய சங்கத்தார் 1956ஆம் ஆண்டில் இதனை நோயென ஒப்புக்கொண்டனர். நமது தேசத்தில் 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மனநல பராமரிப்புச் சட்டம், மது முதலிய போதைப் பொருள்களால் உண்டாகும் மனக் கோளாறுகளையும் மனநோய் என்னும் சொல்லின் பொருளில் சேர்த்திருக்கிறது. அத்தகையோரைச் சரீர நோயாளிகளுக்குச் சமமாக நடத்தவேண்டுமென்றும், அவர்களுடைய சிகிச்சை விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படவேண்டுமென்றும் விதித்திருக்கிறது. தமிழ்நாட்டில் இத்துறையில் தொண்டாற்றுவோர் “குடிகாரன்” என்னும் வசைச்சொல்லை நீக்கிக் “குடிநோயாளி” என்னும் சொல்லை வழங்கி வருகிறார்கள். சொல்லை மாற்றுவதால் நோய் தீராதுதான். ஆயினும் நோயாளி எனப்பட்டவனை வைத்தியரிடம் அழைத்துச் செல்லத் தோன்றும். குடிகாரன் எனப்பட்டவனை விரட்டவே தோன்றும். அவ்வளவு வேற்றுமை அச்சொற்களுக்குள் இருக்கிறது.

மத்திய சர்க்காருக்காக டெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் எடுத்து 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் 10 வயது முதல் 75 வயது வரையுள்ளவர்களில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர். அவர்களுள் ஏறக்குறைய 2 கோடியே 90 லட்சம் பேர் அதற்கு அடிமைப்பட்டு, விட நினைத்தும் விடமாட்டாதவர்கள். இந்த அடிமைப்பட்டவர்களில் 38 பேருக்கு ஒருவரே எவ்வித சிகிச்சையையேனும் பெற்றிருந்தாராம். மற்ற 37 பேர் என்ன ஆனார்கள்? கிட்டத்தில் ஆஸ்பத்திரி இல்லாமை ஒரு காரணம். கையில் பணமில்லாமை ஒரு காரணம். இவற்றோடு சேர்த்து எண்ணவேண்டிய மூன்றாவது காரணம் வெட்கம். சர்க்கரை வியாதிக்கு மருந்து வாங்கப் போகிறவர் பகலில் பஸ் ஏறுகிறார். இந்த வியாதிக்குப் போகிறவரோ, உறவினர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு விடியுமுன் ஏறுகிறார். அவர் மனைவி அண்டை அயலாரிடம் காய்ச்சல் என்கிறாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லப் பழகுகிறார்கள். இந்நோய் பெண்களுக்கும் வருவதுண்டு. அவர்கள் விஷயத்தில் வெட்கம் பன்மடங்காதலின், சிகிச்சைக்கு வருவோர் மிக அரியர்.

இங்கு ஒரு ஆட்சேபம் எழக்கூடும். “வெட்கம் நல்லதல்லவா? அவமானத்துக்கு அஞ்சியாவது குடியை விடமாட்டார்களா?” என்று நமது பெரியோர்களில் சிலர் கேட்பார்கள். இளைஞன் ஒருவன் முதற்கோப்பையைத் தொடாதபடி வெட்கம் தடுக்கலாம். ஆனால் நோய் முற்றியவனிடத்தில் அது நேர்மாறாக வேலை செய்கிறது. ஊரார் முன் தலைகுனிந்து நிற்கும் வேதனையை அவன் எதனால் மறக்கப் பார்க்கிறான்? அவனுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதானே! கடன் பொறுப்பு வேறு, வெட்கம் வேறு. பாக்கியைச் செலுத்தும் பொறுப்பிலிருந்து அவரை யாரும் விடுவிக்கவேண்டுமென்று இங்குச் சொல்லப்படவில்லை.

மதுவைக் குறித்த சட்டங்கள் நமது மாகாணத்தில் பலமுறை மாறியுள்ளன. ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் முதல் மந்திரியாயிருந்தபோது, 1937ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு முதன்முதலாக அமுலுக்கு வந்தது. அதனால் குறைந்த வருமானத்தை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி விதிக்கப்பட்டது. 1948இல் மாகாணம் முழுவதிலும் மதுவிலக்கு பரவிற்று; 1971இல் தளர்த்தப்பட்டது; பின்னர் மீண்டும் விதிக்கப்பட்டது; மீண்டும் தளர்ந்தது. 1983இல் ஏற்பட்ட சர்க்கார் வாணிபக் கழகம் 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்தலாயிற்று. இவற்றின் நன்மை தீமைகளைத் தீர்மானிப்பது சட்டசபையின் வேலை. சங்கக் கூட்டத்தில் அதை எடுத்தால் கட்சிப் பேச்சாக முடியும். கடை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும், ஏற்கெனவே நோயுற்றவர்கள் நமது தெருவில் இருந்தே தீருவர். சேலம் பரீட்சையில் நாம் நினைவுகூரத்தக்கது ஒன்றுண்டு: கடையை மூடியதோடு காரியம் முடிந்ததென்று அன்று எவரும் எண்ணவில்லை. உழைத்துக் களைத்தவன் மாலைப்பொழுதை எங்கே கழிப்பான் என்னும் கேள்வியை எடுத்து, விளையாட்டு, பஜனை முதலியவற்றை ஊர்தோறும் ஏற்படுத்த முயன்றார்கள். அந்த மாலைப்பொழுது இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

இனி, சங்கத்தார் முதலில் அறிந்திருக்கவேண்டிய வைத்திய விஷயம் ஒன்று. நெடுநாள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்து வந்தவர், வைத்திய உதவியின்றித் திடீரென நிறுத்துவது அபாயம். இதனைக் கிணற்று ஏற்றத்தைக் கொண்டு விளக்கலாம். சாலில் நீர் நிரம்பிய பாரத்துக்கு ஈடாக ஏற்றமரத்தின் மறுமுனையில் கல் கட்டியிருக்கிறோம். மது மூளையின் வேகத்தை அமுக்குகிறது. ஆண்டுக்கணக்கில் அமுக்கப்பட்ட மூளை, அதற்கு ஈடாகத் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்கிறது. ஒருநாள் கயிறு அறுந்து சால் கிணற்றில் விழுந்தால், மறுமுனைக் கல் எப்படித் தடாலென்று தரையில் மோதுமோ, அப்படியே மது நின்றவுடன் மூளை கட்டுக்கடங்காத வேகங்கொள்கிறது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, படபடப்பு இவை தோன்றும். இரண்டு நாளைக்குள் சிலருக்கு வலிப்புக் காணும். இரண்டு மூன்று நாட்களில் ஒரு சிலருக்குச் சித்தம் தடுமாறி, இல்லாத பூச்சிகள் உடம்பில் ஊர்வதாகவும், இறந்துபோனவர்கள் வந்து நிற்பதாகவும் தோன்றும். இதைக் கண்டு பேய் பிடித்ததென்று பூசாரியிடம் கொண்டுபோய், அருமையான நேரத்தை வீணாக்குவோர் உண்டு. இந்நிலை உயிரைப் போக்கக்கூடியது. ஆஸ்பத்திரியில் தக்க மாத்திரைகளைக் கொடுத்துச் சில நாட்களில் படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் ஆபத்தின்றிக் கடந்துவிடலாம். வைட்டமின் பி1 ஊசியும் கொடுக்கிறார்கள். அச்சத்துக் குறைவினால் நடை தள்ளாடி, நினைவாற்றல் நிரந்தரமாகக் கெட்டுப்போவதைத் தடுப்பதற்கே அது.

ஆகையால், கோயிலில் சத்தியம் செய்து மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொள்ளும் வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அவ்வழக்கத்தை இகழ்வதற்கில்லை. பலருக்கு அது மனவுறுதியைத் தருகிறது. “கயிறு கட்டியிருக்கிறேன்” என்று சொல்லிவிட்டால் பழைய கூட்டாளிகளும் வற்புறுத்தத் தயங்குகிறார்கள். ஆனால் காலையில் எழுந்ததும் கைநடுக்கம் தீரக் குடிக்கவேண்டியிருக்கும் நிலையிலுள்ளவர், முதலில் டாக்டரைக் கண்டு பின்னர் கயிறு கட்டிக்கொள்வதே முறை.

இதைவிடக் கவலைதரும் வழக்கம், குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் மருந்துப்பொடியைக் கலந்துவிடுவது. டென்மார்க் தேசத்து ஆராய்ச்சியாளர் 1948இல் வெளியிட்ட டைசல்பிரம் என்னும் மருந்து, அதை உட்கொண்டவர் மது அருந்தினால் முகஞ்சிவந்து, வாந்தி, மார்படைப்பு, இரத்த அழுத்தக் குறைவு இவற்றை உண்டாக்கும். நோயாளி தாமே அறிந்து, ஒப்புக்கொண்டு, டாக்டர் பார்வையில் உட்கொண்டால் அது ஒரு நல்ல வேலி. அறியாமல் உட்கொண்டவரோ வழக்கம்போல் குடித்துவிட்டு உயிருக்கே மோசம் தேடிக்கொள்ளக்கூடும். மருந்தை நிறுத்திய பின்னும் இரண்டு வாரம் வரையில் அதன் வேகம் உடலில் தங்கியிருக்கலாம். பெயரில்லாத பொட்டலங்களை விற்பவரிடம் வாங்கிக் குழம்பில் கலக்கும் தாய்மார்கள், துன்பம் தாளாமல் செய்கிறார்கள். அவர்கள்மேல் குறைகூறுவதைவிட, வேறு வழி உண்டென்று சொல்லுவதே உபகாரம். அறையில் அடைத்துப் பூட்டுவதும் சங்கிலியால் பிணைப்பதும் அறவே கூடாதவை. இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்பியோட வழியின்றி மாண்டதை நாம் மறக்கலாகாது. சங்கிலியிடுவது 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும்.

சிகிச்சை நகரத்தில்தான் நடக்கக்கூடுமா? அப்படியன்று என்பதற்கு நம் தஞ்சைச் சீமையிலேயே சான்று உண்டு. குடிநோயால் இளவயதில் காலமான தம் கணவரின் பெயரால் ஸ்ரீமதி சாந்தி ரங்கநாதன் 1980ஆம் ஆண்டு சென்னையில் ஒரு சிகிச்சை நிலையம் நிறுவினார். அந்நிலையத்தார் 1989 முதல், தற்போது திருவாரூர் ஜில்லாவைச் சேர்ந்ததாயுள்ள மஞ்சக்குடிக் கிராமத்தில் முகாம் அமைத்து, அக்கம்பக்கத்து ஊர்களிலுள்ள குடிநோயாளிகளுக்கு 15 நாட்கள் இலவச சிகிச்சை அளித்து வந்தனர். சரீர சிகிச்சையோடு, நோயாளிகள் ஒன்றுகூடித் தங்கள் நிலையைப் பேசுவதும், குடும்பத்தாருக்கு நோயின் தன்மையை எடுத்துரைப்பதும், முகாம் முடிந்தபின் தொடர்ந்து கவனிப்பதும் அதில் அடங்கியிருந்தன. இந்த அநுபவத்தை அம்மையார் 1994இல் ஒரு சர்வதேச வைத்தியப் பத்திரிகையில் எழுதி வெளியிட்டார்.

இம்முறையின் சிறப்பு எதில் இருக்கிறது என்று யோசித்தால், செலவுச் சுருக்கம் ஒருபுறமிருக்க, மறைவு நீங்கிவிடுவதே முக்கியமென்று தோன்றுகிறது. நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து தனியாகத் திரும்புகிறவரை ஊரார் சந்தேகக்கண் கொண்டு பார்க்கிறார்கள். தங்கள் கண்ணெதிரே, தங்கள் ஊர்ச் சாவடியிலோ பள்ளிக்கூடத்திலோ நடக்கும் சிகிச்சையை அப்படிப் பார்க்க முடியாது. சோறாக்கிப் போடுகிறவர், தண்ணீர் கொண்டுவருகிறவர், வேடிக்கை பார்க்க வந்தவர் யாவரும் அதில் கொஞ்சம் பங்காளிகள் ஆகிவிடுகிறார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் சேர்ந்து சிகிச்சை பெறுவதால், பின்னர் வரப்பிலும் சந்தையிலும் ஒருவரையொருவர் கண்டு விசாரிக்கவும் வசதியுண்டு.

பட்டம் பெற்ற வைத்தியரன்றி மற்றவரால் இதில் உதவ இயலாதென்று நினைப்பதும் சரியன்று. கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடத்தி 2017இல் வெளியிட்ட ஒரு பரீட்சையில், வைத்தியத் தொழிலறியாத உள்ளூரார் சிலரைப் பழக்கி, கேடு தரும் அளவில் குடித்துவந்த ஆடவரோடு அதிகபட்சம் நான்கு தடவை உட்கார்ந்து பேசச் செய்தனர். மூன்று மாதங்கழித்து விசாரித்தபோது, அவ்வாறு பேசப்பெற்றவர்களில் 100க்கு 42 பேர் முந்திய இரண்டு வாரமும் மதுவைத் தொடாதிருந்தனர். வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 18 பேரே அப்படியிருந்தனர். இவர்கள் நோய் முற்றியவர்களல்லர் என்பதையும் சொல்லவேண்டும். ஆரம்ப நிலையில் ஒரு பக்குவமான பேச்சுக்கு எவ்வளவு பலன் உண்டென்பதற்கு இதுவே போதும்.

சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவரின் முதல் மூன்று மாதங்கள் மிகக் கடினமானவை. மீண்டும் வீழ்பவர்களில் பெரும்பாலோர் இக்காலத்திலேயே வீழ்கிறார்கள். தூக்கம் சரியாக வராது. சிறு சொல்லுக்கும் கோபம் மூளும். உடம்பு தேறியிருந்தாலும் மனம் தேறியிராது. கூலி கைக்கு வரும் சனிக்கிழமை, கிடா விருந்து, கோயில் திருவிழா, சாவு வீடு, கலியாண வீட்டின் பின்கட்டு, தேர்தல் காலம் ஆகிய இவ்விடங்களிலும் பொழுதுகளிலுமே பழைய பழக்கம் வந்து அழைக்கிறது. “எத்தனை நாளைக்கு இந்த வேஷம்?” என்று டீக்கடையில் ஒருவர் கேட்பார். “ஒரு மாதம் தாங்கமாட்டான்” என்று இரண்டுபேர் பந்தயமும் கட்டுவார்கள். வேடிக்கையாகச் சொன்னதென்பார்கள். அவ்வேடிக்கையில் தோற்றுப்போகிறவர் ஒருவரே. அறுவடை முடிந்ததும் களத்தில் வேலையாட்களுக்கு மது வாங்கிக்கொடுக்கும் மிராசுதார்கள் சிலரும் உண்டு. அப்பணத்தைக் கூலியோடு சேர்த்துக் கொடுத்தாலென்ன?

இப்போது சங்கத்தின் சொந்த விஷயத்துக்கு வருவோம். ஜெர்மனியில் ஹெட்டஸ்டார்ப் என்னுமிடத்தில் 1864இல் கடன் சங்கம் கண்ட ரைபீசன் என்பவரின் முறை, ஒருவரையொருவர் நன்கறிந்த சிறு ஊராரின் நாணயத்தையே ஈடாகக்கொண்டு எழுந்தது. சென்னை மாகாணத்துக்கு அம்முறையே ஏற்றதென்று பிரடரிக் நிக்கல்சன் 1890களில் எழுதிய அறிக்கையில் வற்புறுத்தினார்; திரூரில் 1904இல் நமது மாகாணத்தின் முதல் நாணய சங்கம் தோன்றியது. நல்லொழுக்கமுள்ளவரையே அங்கத்தினராகச் சேர்ப்பது என்னும் விதி இவ்வழியாகவே நமக்கு வந்தது. மிக நல்ல விதி. ஆயினும் இவ்விதியைக் காட்டியே, குடியை விட்டு ஆறு மாதமாகியும் ஒருவரைச் சங்க வாசலிலிருந்து திருப்பியனுப்புவது உண்டு. அவர் அப்புறம் எங்கே போவார்? நாள்வட்டிக்காரரிடம் போவார். நாள்வட்டிக்காரர் ஒழுக்கத்தை விசாரிப்பதில்லை. அவருடைய வட்டி ஏற ஏற, தூக்கமின்மையும் கவலையும் ஏறும். அதன்பின் நேர்வதைச் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் திரும்பி வந்த மறுநாளே ரொக்கக் கடன் கொடுக்கலாமா? கூடாது. அது இரக்கமுமன்று, சங்கப் பணத்துக்குப் பாதுகாப்புமன்று. முதல் மாதங்களில் மொத்தமாகக் கையில் வரும் ரொக்கம் அவருக்கே ஒரு சோதனை. கொடுக்கவேண்டிய பயிர்க்கடனை இயன்றவரை உரமாகவும் விதையாகவும் கொடுப்பது நலம். அவரும் அவர் மனைவியும் ஒப்புக்கொண்டால், ரொக்கப் பகுதியை இருவரும் கையொப்பமிட்டே எடுக்கக்கூடிய கணக்கில் வரவு வைக்கலாம். அவரைக் கேளாமலே மனைவியை அழைத்து இந்த ஏற்பாட்டைச் செய்வது, வீட்டில் இல்லாத சண்டையைக் கொண்டுவரும். பழைய பாக்கியைச் சிறு தவணைகளாகப் பிரித்து, முதல் தவணையை அவரால் நிச்சயமாகக் கட்டக்கூடிய அளவில் வைக்கவேண்டும். ஐந்நூறு ரூபாயானாலும், தாமே கொண்டுவந்து கட்டி ரசீது பெற்றுச் செல்லும் நாள் அவருக்குப் பெரிய நாள். ரசீதை நீட்டும் குமாஸ்தா அன்று அவரை உட்காரச் சொல்லுவாரானால் இன்னும் நல்லது.

ஜாமீன் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கடனுக்கு ஜாமீன் நின்றவரே அவருடைய குடியையும் காவல் காக்கும்படி விடக்கூடாது. தன் பணம் போய்விடுமோ என்று அஞ்சுகிறவர் தினந்தோறும் வாயை முகர்ந்து பார்க்கும் காவற்காரராகிவிடுவார். பணத்துக்கு ஜாமீன் ஒருவர். மனத்துக்குத் துணை வேறொருவர். துணையாக நிற்பவர், தாமும் ஒருகாலத்தில் குடித்து விட்டவராயிருந்தால் மிகச் சிலாக்கியம். அத்தகையவர் ஒருவரேனும் இல்லாத ஊர் அரிது. அவரை யாரும் கேட்டதில்லை, அவ்வளவே.

பாக்கிதாரர் ஜாபிதாவைப் பலகையில் ஒட்டும்போது காரணக் குறிப்பு எழுதுவதும், கூட்டத் தீர்மானப் புத்தகத்தில் “குடிப்பழக்கத்தால்” என்று பதிவதும் நிறுத்தப்படவேண்டியவை. அப்புத்தகம் முப்பது வருஷம் பீரோவில் இருக்கும். அம்மனிதரின் மகன் ஒருநாள் சங்கத்தில் காரியதரிசியாக வந்து அதைப் புரட்டிப் பார்க்கக்கூடும்.

ஒருவரையொருவர் தாங்கி மீளும் முறை உலகில் இன்று பல தேசங்களில் பரவியிருக்கிறது. அமெரிக்காவில் ஆக்ரன் என்னும் பட்டணத்தில் 1935ஆம் ஆண்டு, குடியால் சீரழிந்த பங்குத் தரகர் ஒருவரும் டாக்டர் ஒருவரும் சந்தித்து, தனியே நிற்க மாட்டாத தாங்கள் சேர்ந்து நிற்கக்கூடுமெனக் கண்டனர். அதிலிருந்து பிறந்ததே “ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்” என்னும் கூட்டம். கட்டணமில்லை; ஜாதி, மதம், கட்சி கேட்பதில்லை; குடியை விடவேண்டுமென்னும் விருப்பம் ஒன்றே தகுதி. அங்குப் பேசியது வெளியே போகாது. குடும்பத்தாருக்கென 1951இல் ஒரு தனிக் கூட்டமும் ஏற்பட்டது. தமிழ்நாட்டிலும் இத்தகைய கூட்டங்கள் பல ஊர்களில் நடைபெறுகின்றன. இவர்கள் கேட்பதெல்லாம் வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம், ஓர் அறை. சங்கக் கட்டிடம் மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்பட்டால் மறுநாள் காலைவரை யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது. சாவியைக் கொடுப்பதில் சங்கத்துக்கு நஷ்டம் யாது? ஒரு நிபந்தனை மட்டும்: பஞ்சாயத்தாரில் எவரும், நல்லெண்ணத்தோடானாலும், அக்கூட்டத்தில் யார் யார் வந்தார்கள் என்று எட்டிப் பார்க்கலாகாது.

சறுக்கி விழுதல் நேர்ந்தால் என்ன செய்வது? நேரக்கூடும். நெடுநாள் நோய்கள் யாவற்றிலும் அது உள்ளதே. சர்க்கரை வியாதிக்காரர் பொங்கலன்று வரம்பு மீறி உண்டுவிட்டால் அவரை யாரும் ஊர்விலக்குச் செய்வதில்லை. பத்து மாதம் குடியாதிருந்து ஒருநாள் குடித்தவர், அந்தப் பத்து மாதத்தையும் இழந்துவிட்டதாக நினைத்து இனி எல்லாம் ஒன்றே என்று துணிகிறார். அன்றிரவோ மறுநாள் காலையோ ஒருவர் வீட்டுக்குச் சென்று, “அண்ணே, வாங்க, டாக்டரைப் பார்த்துட்டு வந்துடுவோம்” என்று அழைப்பாரானால், ஒருநாள் சறுக்கல் ஒருநாளோடு நிற்கும். வறட்சியில் ஒரு தவணை தவறியவரை நாம் உடனே ஏலத்துக்குக் கொண்டுபோவதில்லையல்லவா? அதே பொறுமைதான் இங்கும் வேண்டுவது.

பொறுமைக்கும் ஒரு வரம்புண்டு. மனைவியை அடிப்பதும், பிள்ளைகளின் சாப்பாட்டுப் பணத்தைப் பறிப்பதும் நோயின் பெயரால் மன்னிக்கத்தக்கவையல்ல. அப்பெண் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாப்புக் கோரினால், “பாவம், திருந்திக்கொண்டிருக்கிறான்” என்று சொல்லி அவளைத் தடுக்கச் சங்கத்தாருக்கு அதிகாரமில்லை. அவனுக்கு வைத்தியமும் அவளுக்குப் பாதுகாப்பும் ஒரே காலத்தில் நடக்கவேண்டிய இரண்டு காரியங்கள். நமது சுய உதவிக் குழுக்களிலுள்ள பெண்கள் இதனை நம்மைவிட நன்கு அறிவார்கள். பஞ்சாயத்தார் ஆலோசிக்கும்போது அவர்களில் ஒருவரை அழைத்துக் கேட்பது உசிதம்.

எங்கே போவது என்று தெரியாதவர்கள், 14416 என்னும் இலவச எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினால் மனநல ஆலோசகர்கள் வழி சொல்லுவார்கள். ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரிகளில் மனநோய் வைத்தியர்கள் இருக்கிறார்கள். தனியார் மறுவாழ்வு இல்லங்களில் சேர்ப்பதாயின், சட்டப்படி பதிவு பெற்றதா, குடும்பத்தார் பார்க்க அநுமதியுண்டா, டாக்டர் வருகிறாரா என்று முன்கூட்டி விசாரிக்கவேண்டும். அடித்துத் திருத்துவோம் என்று சொல்லும் இடத்துக்கு எவரையும் அனுப்பலாகாது.

இவ்வளவும் சொல்லி ஒருவரை இணங்க வைத்தாலும், கடைசியில் அவர் சொல்லும் தடை அநேகமாக ஒன்றே: “பதினைந்து நாள் நான் போய்விட்டால் வயலுக்கு யார் தண்ணீர் கட்டுவது? மாட்டை யார் பார்ப்பது?” இது சாக்கென்று தள்ளத்தக்கதன்று. அநேகர் உண்மையாகவே இதனால் போகாமல் நின்றுவிடுகிறார்கள். அவர் தெருவைச் சேர்ந்த அங்கத்தினர் நால்வர் முறைவைத்துக்கொண்டால், ஒருவருக்கு நான்கு நாளைக்கு மேல் வேலை வராது. பாலைச் சங்கத்தில் ஊற்றி, பணத்தை அவர் மனைவியின் கணக்கில் சேர்த்துவிடலாம். இன்னார் இன்ன நாள் என்று ஒரு காகிதத்தில் எழுதி, அவர் பஸ் ஏறுமுன் அவர் கையிலேயே கொடுத்துவிடுவது நல்லது.